மாத்திரை குடுத்தும் உண்ணி வருதுங்கறவங்களுக்கு: பிரவெக்டோ, எட்டு மாச அனுபவம்

நாய்க்கு குடுக்கற உண்ணி மாத்திரை எதோட ரிவ்யூவ தொறந்தாலும் கீழ ஒரு வரி கண்டிப்பா இருக்கும், "மாத்திரை குடுத்து ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் நாய் மேல உண்ணி ஊருது, காசு தண்டம்", ஒரு ஸ்டார். நானும் போன வருஷம் இதே வரிய டைப் பண்ணி, அனுப்பற பட்டனுக்கு மேல கட்டைவிரல வச்சுட்டு உக்காந்திருந்தவதான். அனுப்பல. அன்னைக்கு ராத்திரி கரண்டு போயி டார்ச் எடுக்கப் போனப்ப சுவத்துல ஒண்ணு பாத்தேன், அதுக்கப்புறம் அந்த ரிவ்யூவ அழிச்சுட்டேன். அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி நாய பத்தி சொல்லிடறேன்.

எங்க வீடு கோபி பக்கம். பழைய ஓட்டு வீடு, முன்னாடி திண்ணை, பின்னாடி ரெண்டு மாடு கட்டற கட்டுத்தரை. நாய் பேரு செவலை, சுத்தமான நாட்டு நாய், பொட்டை, நாலு வயசு, எடை 16 கிலோ. சங்கிலியில கட்டி வளக்கறதில்ல. வெயில் ஏறுச்சுன்னா தடப்பள்ளி வாய்க்கால்ல போயி விழுந்து எந்திரிச்சு அப்படியே வந்து திண்ணையில ஒதறும், அதுக்கு எங்க அத்தைகிட்ட தினமும் திட்டு வாங்கும். இத எதுக்கு சொல்றேன்னா எந்த உண்ணி மருந்து ஒத்துவரும்ங்கறத நாயோட இந்த பழக்கவழக்கம்தான் முடிவு பண்ணுது, விளம்பரம் இல்ல.

போன சித்திரையில மச்சாண்டார் பொண்ணு கல்யாணம், நாலு நாள் எல்லாரும் வெளியூரு. செவலைய கோயமுத்தூர்ல நாய் பாத்துக்கற ஒரு எடத்துல விட்டுட்டுப் போனோம். பேரு வேண்டாம், சண்டை போட்டாச்சு, முடிஞ்சுது. திரும்பக் கூட்டிட்டு வந்த மறுநாளே காத காத ஒதறிகிட்டே இருந்துச்சு. தண்ணி போயிருக்கும்னு நெனச்சோம். ஒரு வாரம் கழிச்சு அத்தை அதோட காத மடிச்சுப் பாத்துட்டு "என்ன அம்மிணி, நாய் காதுக்குள்ள கொட்டமுத்து ஒட்டிகிட்டு கெடக்குது"ன்னாங்க. கொட்டமுத்துன்னா ஆமணக்கு விதை. அசல் கொட்டமுத்தேதான், அதே சாம்பல் நெறம், அதே வழவழப்பு, அதே உருண்டை. ஆனா காலு இருந்துச்சு. (ஆமணக்குக்கு லத்தீன்ல ரிசினஸ்னு பேரு, அந்த சொல்லுக்கு உண்ணின்னுதான் அர்த்தமாம், விதைய பாத்து பேரு வச்சிருக்காங்க. எங்க அத்தை லத்தீன் படிக்காமலே அத சொல்லிட்டாங்க.)

அந்த உருண்டை எல்லாம் ரத்தம் குடிச்சு வயிறு நெறஞ்ச பொட்டை உண்ணி. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

முதல்ல பவுடர் வாங்குனேன். அத பத்தி பேச ஒண்ணுமில்ல, போட்டேன், ஒதறுச்சு, திண்ணையெல்லாம் வெள்ளையாச்சு, மிச்சத்த நக்கிடுமோன்னு பயந்து நானே தொடச்சு எடுத்துட்டேன். வேப்பெண்ணெய் அத்தையோட வைத்தியம், ரெண்டு நாள் தடவுனாங்க, நாய் எங்க இருக்குன்னு வாசத்த வச்சே கண்டுபுடிக்கலாங்கறது தவிர பெருசா ஒண்ணும் நடக்கல, ஒண்ணு ரெண்டு கழண்டு விழுந்துச்சு.

அப்புறம் முதுகுல ஊத்தற சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் இருக்கறது, நல்ல கம்பெனி. இதுல தப்பு என்னோடது, மருந்தோடது இல்ல, அதனால மருந்து பேர இழுக்கல. காலையில ஷாம்பு போட்டு தேச்சு குளிப்பாட்டி, சாயங்காலம் பளபளன்னு இருக்கற முடி மேல அப்படியே ஊத்துனேன். முடிய வகுந்து தோல் தெரியற எடத்துல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, நாக்கு எட்டாத எடமா பாத்து ஊத்தணும். அது தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையோட கலந்து ஒடம்பு பூரா பரவற மருந்து, அதனாலதான் ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு, பின்னாடி ரெண்டு நாளு குளிப்பாட்டக் கூடாதுங்கறாங்க. நான் எண்ணெய்ப் பசைய எல்லாம் ஷாம்பு போட்டு எடுத்துட்டு ஊத்தியிருக்கேன். அதுக்கு அடுத்த நாள் அந்த மகராசி வாய்க்கால்ல போயி குதிச்சுட்டா. ஊத்துன காசு தடப்பள்ளி பாசனத்துக்கு போச்சு.

இந்த நேரத்துல பக்கத்து தோட்டத்து மாமா வந்து "இதுக்கு எதுக்கு சாமி இவ்வளவு செலவு, மாட்டுக்கு ஊத்தற மருந்து இருக்குது, ஒரு மூடி தண்ணியில கலக்கி தேச்சு விடு"ன்னு பாட்டிலையே கையில குடுத்துட்டு போனாரு. நல்ல மனசுதான். எங்க ஊரு பக்கம் பாதி வீட்டுல நடக்கறது இதுதான். நானும் பக்கெட்டுல தண்ணி புடிச்சு வச்சுட்டேன். பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன், டெல்டாமெத்ரின். மாட்டு எடைக்கு கணக்குப் போட்ட மருந்த, மூடி அளவுங்கற கணக்குல, தன்ன தானே நக்கற பிராணி மேல ஊத்தறதுக்கு மனசு வரல. பின்னாடி டாக்டர்கிட்ட கேட்டப்ப அவரு முதல்ல கேட்ட கேள்வி "வீட்டுல பூனை இருக்குதுங்களா?" இருக்கு, அத்தையோட பூனை, ராத்திரி செவலை வயித்துமேல தான் படுக்கும். டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் மாதிரி மருந்துகள நாய் ஒடம்பு சமாளிக்கற மாதிரி பூனை ஒடம்பு சமாளிக்காது, ஈரம் காயாத நாய் மேல ஒரசிட்டு தன்ன நக்குனாலே ஒடம்பு நடுங்கி வலிப்பு வந்து செத்துப் போகக்கூட வாய்ப்பிருக்குன்னாரு. நாய் பூனை ரெண்டும் வளக்கறவங்க கடையில எந்த சொட்டு மருந்து வாங்குனாலும் பெர்மெத்ரின் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, நாய்க்கு வாங்குனது மிச்சம் இருக்குதுன்னு பூனைக்கு ஊத்திடாதீங்க.

நான் இப்படி ஒவ்வொண்ணா முயற்சி பண்ணி பண்ணி ஆறு வாரம் ஓடிப்போச்சு. ஒரு நாள் செவலை சோறு திங்கல. கறிச்சோறுங்க, மோந்து பாத்துட்டு தலைய திருப்பிக்கிச்சு. மறுநாள் எந்திரிக்கவே இல்ல. மூக்குல ஒரு ஓரமா ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. ஒதட்ட தூக்கி ஈற பாத்தேன், எப்பவும் ரோஸ் கலர்ல இருக்கும், அன்னைக்கு வெளுத்த துணி மாதிரி. வண்டியில வச்சு மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்க வேண்டிய பிளேட்லெட் 38 ஆயிரம். எர்லிக்கியா. உண்ணிக் காய்ச்சல்னு நம்மாளுங்க பொதுவா சொல்றதுல இது ஒண்ணு, பபீசியான்னு இன்னொண்ணு இருக்கு, அது சிவப்பணுவுக்குள்ளயே பூந்து ஒடைக்கும், அதுக்கு மருந்தே வேற, அதனால காய்ச்சல்னதும் பழைய சீட்ட வச்சு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடற வேலை வேண்டாம், ரத்தம் பாக்காம தெரியாது.

டாக்ஸிசைக்ளின் 28 நாள் குடுத்தோம். வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும், சாப்பாட்டோட குடுங்க, ஆனா பால்ல தயிர்ல கலக்காதீங்க, மருந்து சரியா ஒடம்புல சேராதுன்னு சொல்லி அனுப்புனாங்க. நாலாவது நாளே வாலாட்டுச்சு. வாலாட்டிருச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்கன்னு டாக்டர் மூணு தடவை சொன்னாரு, நிறுத்தறவங்க நெறைய பேரு போல.

அங்கதான் முதல் தடவையா இந்த மாத்திரை பேர எழுதிக் குடுத்தாரு. பிரவெக்டோ, உள்ள இருக்கற மருந்து ஃப்ளூரலனர். மாத்திரைன்னா நாம போடற மாத்திரை மாதிரி இல்ல, பெரிய கடலமிட்டாய் துண்டு சைஸ்ல பழுப்பு நெறத்துல ஒரு கட்டி, கறி வாசம் அடிக்கும். எடைக்கு தகுந்த மாதிரி அட்டை கலர் மாறும், 10 கிலோவுல இருந்து 20 கிலோ வரைக்கும் இருக்கற நாய்க்கு 500 மில்லிகிராம், 20ல இருந்து 40 வரைக்கும் 1000 மில்லிகிராம். பெருச வாங்கி ரெண்டா ஒடச்சு ரெண்டு நாய்க்கு குடுக்கலாமான்னு நானும் கேட்டேன் (காசு மிச்சமாகும்னு), கூடாதுன்னுட்டாரு, பாதியில மருந்து பாதி இருக்கும்ங்கற உத்தரவாதம் இல்ல. அதனால முதல்ல நாயோட எடைய பாருங்க. வீட்டு தராசுல நாய் நிக்காது, நீங்க தூக்கிட்டு ஏறி நின்னு, அப்புறம் உங்க எடைய கழிச்சுக்கோங்க. எனக்கு என் எடையும் தெரிஞ்சுபோச்சு, அது வேற விஷயம்.

வெறும் வயித்துல குடுக்காதீங்க. சாப்பாட்டு நேரத்துல, சோத்தோட குடுத்தாத்தான் மருந்து ஒடம்புல நல்லா ஏறும். செவலை மோந்து பாத்துட்டு ஒரே கடி, அவ்வளவுதான், கறித்துண்டுன்னே நெனச்சிருப்பா. சில நாய்ங்க துப்பிடும்னு கேள்விப்பட்டேன், ஈரல் துண்டுக்குள்ள வச்சு அமுக்கிக் குடுங்க.

வெலை. இதுதான் குறை. கிட்டத்தட்ட ரெண்டு கேஸ் சிலிண்டர் காசு ஒரே ஒரு மாத்திரைக்கு. அத்தைகிட்ட வெலைய சொல்லல. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பாத்தா மாசம் மாசம் வாங்குன பவுடர், ஷாம்பு, சொட்டு மருந்து கணக்குக்கு பக்கத்துலதான் வருது, காய்ச்சலுக்கு செஞ்ச செலவ சேத்தா கணக்கே வேண்டாம். ஆனா மொத்தமா ஒரே நாள்ல கையில இருந்து போறப்ப வலிக்கத்தான் செய்யுது. மாசம் ஒரு தடவை குடுக்கற நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா எல்லாம் இதே குடும்பத்து மருந்துதான், ஒரு மாத்திரை வெலை கம்மி, மாசாமாசம் மறக்காம குடுக்கறவங்களுக்கு அதுவே போதும். நான் மறக்கற ஆளு. என் மாத்திரையையே மறக்கற ஆளு.

ராத்திரி சோத்தோட குடுத்தேன், மறுநாள் காலையில காதுக்குள்ள பாத்தா உண்ணி எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. என்னடா இதுன்னு ஒண்ண முள்ளுவாங்கியில புடிச்சு இழுத்தேன், சட்டுனு வந்துருச்சு, உசுரு இல்ல. காலெல்லாம் கோணலா மடங்கி வெறச்சு கெடந்துச்சு. இந்த மருந்து வேலை செய்யற விதம் அது, பூச்சியோட நரம்ப அமைதிப்படுத்தற கதவு ஒண்ணு இருக்குமாம், அத அடைச்சுடுது, நரம்பு ஓயாம துடிச்சு துடிச்சு சாகும். நாய் நரம்புல அந்த கதவு அமைப்பு வேற மாதிரிங்கறதால நாய்க்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல. ரெண்டாம் நாள் முடியறப்ப தானா உதுந்து திண்ணையில கெடந்தத அத்தை வெளக்கமாத்துல கூட்டுனாங்க.

கூட்டி வெளிய கொட்டாதீங்க, ஒரு பழைய பாட்டில்ல சோப்பு தண்ணியோ ஸ்பிரிட்டோ ஊத்தி அதுல போட்டு மூடுங்க. நகத்துல வச்சு நசுக்கறது, ஊதுபத்தியில சுடறது, மண்ணெண்ணெய் தொட்டு வைக்கறது எல்லாம் வேண்டாம், அது உள்ள இருக்கறத கடிச்ச எடத்துலயே கக்கிட்டு போயிடும். தோலுக்கு ஒட்டுன மாதிரி வாய புடிச்சு நேரா இழுங்க, திருகாதீங்க.

ரெண்டு வாரம் சுத்தமா இருந்துச்சு. ஊரெல்லாம் பெருமை பேசிட்டேன். மூணாவது வாரம் செவலை கழுத்துல கை வச்சா மறுபடியும் சின்ன சின்னதா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அன்னைக்குத்தான் அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூவ டைப் பண்ணேன்.

கரண்டு போச்சு. டார்ச் திண்ணையில மீட்டர் பெட்டிக்கு மேல ஆணியில தொங்கும். எடுத்து ஆன் பண்ணி அப்படியே சுவத்துல வெளிச்சம் பட்டுச்சு. மீட்டர் பெட்டிக்கு பக்கத்துல சுவத்துல ஒரு வெடிப்பு, பத்து வருஷமா இருக்கறது, யாரும் கண்டுக்காதது. அதுல இருந்து கடுகு கொட்டுன மாதிரி, கடுகு கூட இல்ல, ராகி மாவு தூவுன மாதிரி ஒரு கோடு மேல போயிட்டு இருந்துச்சு. எறும்புன்னு நெனச்சு கிட்ட போனேன். ஒவ்வொண்ணும் ஊசி முனை அளவு, ஆறு காலு, கூரையப் பாத்து ஏறிட்டு இருக்கு. விரல கிட்ட கொண்டு போனதும் அப்படியே நின்னு முன்னங்கால தூக்கிச்சுங்க, மொத்தமும், ஒரே நேரத்துல. மூச்சுக்காத்த மோந்துதுங்க. எனக்கு கை காலெல்லாம் அரிக்க ஆரம்பிச்சுது, இப்ப எழுதறப்பயும் அரிக்குது.

மறுநாள் போட்டோ எடுத்துட்டு டாக்டர்கிட்ட போனேன். அவரு சிரிச்சுட்டே "மாத்திரைய நாய்க்கு குடுத்தீங்க, வீட்டுக்கு என்னங்க குடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, நான் இங்க எழுத வந்தது முழுக்க அவ்வளவுதான்.

நம்ம ஊரு நாயிங்க மேல பெரும்பாலும் இருக்கறது பழுப்பு நாய் உண்ணி. அது காட்டுல பொதருல இருக்கற ஜாதி இல்ல, வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தற ஜாதி. நாய் மேல நாம பாக்கறது கொஞ்சம், பெரும்பாலானது எந்நேரமும் சுவத்து வெடிப்புல, கட்டில் சந்துல, நாய் படுக்கற சாக்குக்கு அடியில, ஓட்டு கைமரத்துலதான் இருக்கும். ரத்தம் குடிச்சு உருண்ட பொட்டை உண்ணி நாய விட்டு கீழ விழுந்து சுவத்துல மேல ஏறி ஒரு வெடிப்பு பாத்து ஆயிரக்கணக்குல முட்டை வச்சுட்டு செத்துப் போயிடும், நாலாயிரம் வரைக்கும் வைக்குமாம். அது பொரிஞ்சு ஆறு கால் குஞ்சு வந்து நாய் மேல ஏறி குடிச்சு எறங்கும், தோலுரிச்சு எட்டு கால் ஆகும், மறுபடி ஏறும், எறங்கும், தோலுரிக்கும், பெருசாகி மறுபடி ஏறும். மூணு தடவை ஏறி எறங்குது. நல்ல வெக்கையில இந்த ஒரு சுத்து முடிய ரெண்டு மூணு மாசம். நாய் கெடைக்கலைன்னா சாகாது, பட்டினி கெடக்கும், மாசக்கணக்குல, பெருசா இருந்தா வருஷம் தாண்டியும் கூட கெடக்குமாம். மச்சாண்டார் பொண்ணு கல்யாணத்தப்ப வந்த உண்ணி குடிச்சு உருண்டு கீழ விழுந்து முட்டை வச்சு, நான் பவுடரு வேப்பெண்ணெய்னு வெளையாடிட்டு இருந்த ஆறு வாரத்துல எங்க வீட்டுச் சுவத்துல ஒரு ஊரே குடியேறியிருக்கு.

இந்த மாத்திரை உண்ணிய கிட்ட வராம வெரட்டற மருந்து இல்ல. மருந்து நாயோட ரத்தத்துல இருக்கு. உண்ணி ஏறணும், கடிக்கணும், குடிக்கணும், அப்பறந்தான் அரை நாள்ல இருந்து ரெண்டு நாளுக்குள்ள சாகும். அப்ப சுவத்துல ரெண்டாயிரம் இருந்தா ரெண்டாயிரமும் பசிக்குப் பசி நாய் மேல ஏறத்தான் செய்யும், நீங்க பாக்கத்தான் செய்வீங்க. ஆனா ஏறுனது எதுவும் கொட்டமுத்து ஆகாது, ஆகறதுக்கு முன்னாடி செத்துரும், முட்டை வைக்காது. செவலை அன்னைக்கு நடமாடற எலிப்பொறி மாதிரி, சுவத்துல இருந்தத ஒவ்வொண்ணா இழுத்து சாகடிச்சுட்டு இருந்திருக்கா, நான் அதுக்கு ஒரு ஸ்டார் போடப் பாத்தேன்.

அதனால மாத்திரை குடுத்தும் உண்ணி இருக்குன்னா, எப்படி இருக்குன்னு பாருங்க. தட்டையா, சின்னதா, எள்ளு மாதிரி இருந்தா வீட்டுல இருந்து புதுசா ஏறுனது, மருந்து மேல தப்பில்ல. மாத்திரை குடுத்து மூணு நாளுக்கு மேல ஆகியும் சாம்பல் கலர்ல உருண்டையா கொட்டமுத்து சைஸ்ல தொங்குதுன்னாதான் எங்கயோ இடிக்குது, எடை தப்பா, துப்பிருச்சா, வெறும் வயித்துல குடுத்தோமா, காலாவதியான அட்டையான்னு பாக்கணும்.

வீட்டு வேலை ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அதுக்கு முன்னாடி பூச்சி மருந்து அடிக்கற ஆளுங்கள கூப்புட்டேன், வந்தாங்க, தரை பூரா அடிச்சாங்க, பில்லு குடுத்துட்டு போயிட்டாங்க. சுவத்துல அடிங்கண்ணா, அது மேல ஏறற பூச்சிண்ணா, கைமரத்துல அடிங்கண்ணான்னு பின்னாடியே கெஞ்சிட்டுத் திரிஞ்சேன், "நாங்க பாத்துக்கறோம் மேடம்"ன்னாரு. கரப்பான்பூச்சி செத்துச்சு. உண்ணி ஓட்டுக்கு கீழ சௌரியமா இருந்துச்சு. அப்புறம் நாங்களே எறங்குனோம். செவலை படுக்கற சாக்கையெல்லாம் கொளுத்தியாச்சு, அதுக்கு பதிலா பழைய பெட்ஷீட்டு, வாரா வாரம் கொதிக்கற தண்ணியில போட்டு அலசி வெயில்ல போடறது. வீட்டுக்காரரு வெடிப்பு ஒண்ணு விடாம வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சாரு, மீட்டர் பெட்டிக்கு பின்னாடி, கதவு நெலவுக்கும் சுவத்துக்கும் நடுவுல, திண்ணை ஓரம். அடைக்கறதுக்கு முன்னாடி வெடிப்புக்குள்ள மருந்து அடிச்சோம், அன்னைக்கு பூனையையும் நாயையும் அத்தையையும் சின்ன மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டு, காஞ்சப்புறம்தான் உள்ள விட்டோம். மீன் தொட்டி வச்சிருக்கறவங்க அத மூடி மோட்டாரையும் நிறுத்திடுங்க, இந்த மருந்து மீனுக்கு எமன். கட்டுத்தரை கல்லுச்சுவத்துக்கு டாக்டர் சொன்ன மாதிரி நெருப்பு துப்பற அடுப்புக் குழாய் வாடகைக்கு எடுத்து சந்து சந்தா காட்டுனாரு, மாட்ட அவுத்து தூரமா கட்டிட்டு, வைக்கோல எல்லாம் அள்ளிட்டுத்தாங்க, ஓலை கொட்டகை இருக்கறவங்க இத நெனச்சுக்கூட பாக்காதீங்க. பட்டு பட்டுன்னு பொரி வெடிக்கற மாதிரி சத்தம். கடைசியா சுவரு பூரா சுண்ணாம்பு.

சுண்ணாம்பு அடிக்கறப்ப அத்தை சொன்னாங்க, "முந்தியெல்லாம் வருசா வருசம் காப்புக் கட்டுக்கு முன்னாடி அடிச்சுடுவோம், நீங்கதான் பெயிண்டு அடிச்சாச்சு பத்து வருசம் தாங்கும்னீங்க". பதில் சொல்ல ஒண்ணுமில்ல.

தெள்ளு பத்தி ஒரு பாரா. எங்களுக்கு அது அவ்வளவா இல்ல, ஆனா என் தங்கச்சி வீட்டு பொமரேனியனுக்கு அதுதான். உண்ணி ஒட்டிகிட்டு கெடக்கும், தெள்ளு ஓடும், குதிக்கும், கண்ணுல மாட்டாது. வால் ஆரம்பிக்கற எடத்துல முடிய வகுந்தா மிளகுத்தூள் மாதிரி கருப்பா இருக்கும், அத ஈரப் பஞ்சுல ஒத்தி எடுங்க, பஞ்சுல செம்பழுப்பா கரைஞ்சா அது தூசி இல்ல, தெள்ளு ரத்தம் குடிச்சுட்டு போட்ட கழிவு. அது முட்டைய நாய் மேல வச்சாலும் ஒட்டாது, உப்பு மாதிரி உதுந்து சோபாவுல, கார் சீட்டுல, பாயில விழும். அப்புறம் பொரிஞ்சு வந்தது கூட்டுக்குள்ள போயிருச்சுன்னா எந்த மருந்தும் ஏறாது, ஆள் நடமாட்டம், மூச்சுக்காத்து பட்டாத்தான் வெளிய வரும். அதனாலதான் பத்து நாள் ஊருக்கு போயிட்டு வந்து கதவ தொறந்ததும் மொத்தமா கால்ல ஏறுது. பெருக்கறத விட வேக்குவம் நல்லது, பைய ஒடனே வெளிய கொட்டணும். தெள்ளு இருந்த நாய்க்கு ஆசனவாய் பக்கம் வெந்த அரிசி மாதிரி ஒட்டியிருந்தா நாடாப்புழு, தெள்ள கடிச்சு முழுங்கறதால வர்றது, புழு மாத்திரையும் சேத்து கேட்டு வாங்குங்க. பிரவெக்டோ தெள்ளையும் கொல்லும், புழுவ கொல்லாது.

யாருக்கு வேண்டாம்னும் சொல்லணும். வலிப்பு வந்த நாய்க்கு டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க. இந்த குடும்பத்து மருந்து எல்லாத்துக்குமே நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம்னு 2018ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை குடுத்திருக்கு, பெரும்பாலான நாய்க்கு ஒண்ணும் ஆகறதில்லன்னும் அவங்களேதான் சொல்லியிருக்காங்க. மருந்து ஒடம்புக்குள்ள மூணு மாசம் இருக்கும், வேண்டாம்னு தோணுனா கழுவி எடுக்க முடியாது, கழுத்துல மாட்டற உண்ணி பெல்ட்டுன்னா கழட்டிடலாம், இந்த வித்தியாசத்த யோசிச்சுக்கோங்க. எட்டு வாரத்துக்கு கம்மியான குட்டிக்கும் ரெண்டு கிலோவுக்கு கொறஞ்ச குட்டிக்கும் கெடையாது. செவலைக்கு முதல் தடவை அரை நாள் சோர்வா இருந்துச்சு, அப்ப காய்ச்சல்ல இருந்து எந்திரிச்ச நேரம், அதனால மாத்திரையாலன்னு சொல்ல முடியல, அடுத்த ரெண்டு தடவையும் ஒண்ணுமில்ல.

இன்னொரு குறை, கடிச்சப்புறம்தான் சாகுதுங்கறதால காய்ச்சல் வரவே வராதுன்னு நெனச்சுடாதீங்க. எர்லிக்கியா கிருமி உண்ணி வாய வச்ச சில மணி நேரத்துலயே எறங்க ஆரம்பிச்சுடுமாம். சோறு திங்கலைன்னா ஈற பாருங்க, அந்த பழக்கம் மட்டும் எனக்கு இப்ப தினமும் இருக்கு.

ஸ்டார் கேட்டா நாலு. ஒண்ண வெலைக்கு புடிச்சுகிட்டேன். குளிப்பாட்டலாம், வாய்க்கால்ல விடலாம், பூனை கூட படுத்தாலும் பயமில்ல, அத்தைக்கு வாசமும் அடிக்கல, எங்க வீட்டுக்கு இதுதான் ஒத்து வந்துச்சு. ஃப்ளாட்டுல இருக்கற, தண்ணிப் பக்கம் போகாத, வாரம் ஒரு தடவை மட்டும் வெளிய போற நாய்க்கு ஒழுங்கா ஊத்துன சொட்டு மருந்தே போதுமா இருக்கலாம், நான் ஊத்துன மாதிரி ஊத்தாதீங்க.

இதுவரைக்கும் மூணு மாத்திரை ஆச்சு. ரெண்டாவது மாத்திரை பாதியில இருக்கறப்பவே எள்ளு சைஸ் வர்றதும் நின்னுபோச்சு. நடுவுல நிறுத்திடலாமான்னு கேட்டேன், வெடிப்புக்குள்ள பட்டினியா ஒண்ணு ரெண்டு கெடக்கும், ஒரு வருஷமாவது விடாம குடுங்கன்னாரு டாக்டர். தினசரி காலண்டர்ல அடுத்த தேதியில "செ.மா."ன்னு எழுதி வச்சிருக்கேன், செவலை மாத்திரை. அத்தை அதப் பாத்துட்டு செவ்வாக்கெழமை மாரியம்மன் கோயிலான்னு கேட்டாங்க, ஆமாங்கத்தைன்னுட்டேன், வெலைய கேப்பாங்கன்னு.